தியரி நம்பருக்கு எரர் பார் (கூடக்குறைய எவ்ளோங்கிற அளவு) எப்படி போடுறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க

நியூக்ளியர் ஸ்ட்ரக்சர் தெரிஞ்சவங்க யாராச்சும் இருந்தா கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க. ஈயம்-208 அணுக்கருவுல நியூட்ரான் தோல் (புரோட்டான்களைத் தாண்டி வெளிய நீட்டிட்டு இருக்குற நியூட்ரான் அடுக்கு) எவ்ளோ தடிமன்னு படிச்சிட்டு இருக்கேன், அமெரிக்காவுல ஜெஃபர்சன் லேப்ல பண்ண பிரெக்ஸ்-2 சோதனை 2021ல 0.283 ஃபெம்டோமீட்டர், கூடக்குறைய 0.071னு சொல்லுச்சு, ஆனா 2022ல வந்த அப் இனிஷியோ கணக்கு (நியூக்ளியான்களுக்கு நடுவுல உள்ள விசையில இருந்தே நேரடியா போடுறது) 0.14ல இருந்து 0.20க்குள்ளதான்னு சொல்லுது. அதே லேப்ல கால்சியம்-48க்கு எடுத்த கிரெக்ஸ் சோதனையில தோல் மெல்லிசாதான் வந்துச்சு, ரெண்டையும் ஒரே மாடல்ல பொருத்துறதுக்குள்ள பெரும்பாடு.

என் டவுட் இதான். ஒரு மாடலோட பேராமீட்டரை ஃபிட் பண்ணும்போது வர்ற எரரை கோவேரியன்ஸ் மேட்ரிக்ஸ் (பேராமீட்டருங்க எவ்ளோ மாறலாம், சேர்ந்து எப்படி மாறும்னு காட்டுற அட்டவணை) வச்சு எடுத்துடலாம், சரி. ஆனா மாடலே எதையாவது விட்டிருந்தா? பல ஸ்கைர்ம் செட்டை (ஸ்கைர்ம்ங்கிற அணுக்கரு விசை மாடலோட வேற வேற பேராமீட்டர் தொகுப்புங்க) ஓட்டி அதுங்களுக்குள்ள வர்ற வித்தியாசத்தையே எரர்னு போடுறாங்க, எனக்கு அது ஒத்துக்கவே முடியல, எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரி டேட்டாவுல ஃபிட் பண்ணதுதானே, எல்லாம் சேர்ந்தே ஒரு பக்கமா சாஞ்சிருந்தா என்ன பண்றது? பேய்சியன் மாடல் ஆவரேஜிங் (ஒவ்வொரு மாடலும் டேட்டாவோட எவ்ளோ ஒத்துப்போகுதோ அதுக்கேத்த எடை போட்டு சராசரி எடுக்குறது) இதுக்கு உண்மையிலேயே உதவுமா? அப்புறம் கைரல் இஎஃப்டில (நியூக்ளியர் விசையை ஆர்டர் ஆர்டரா, படிப்படியா விரிச்சு எழுதுற தியரி) அடுத்த ஆர்டரை விடுறதால வர்ற எரரை நீங்க எப்படி எடுக்குறீங்க? பைத்தான் கோடு இருந்தா இன்னும் நல்லது.