லிஃப்ட் செய்த ஜிம்னி: கேஸ்டர் புஷ் போட்டால் ஸ்டீயரிங் ஆட்டம் நிற்குமா?

காட்டுத்தடம்

வண்டி மாருதி சுசுகி 5 கதவு ஜிம்னி. முன்னும் பின்னும் பாடியை 50 மி.மீ உயர்த்தும் லிஃப்ட் ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக், 215/75 ஆர்15 டயர். ஆர்ம் (ஆக்ஸிலைச் சேஸியோடு இணைப்பது), பேன்ஹார்ட் ராட் (ஆக்ஸில் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பது), ஸ்டீயரிங் ராடுகள் எல்லாம் வண்டியோடு வந்தவை.

இப்போது மூன்று பிரச்சனை. நேர் ரோட்டில் ஸ்டீயரிங் வீல் இடப்பக்கம் சாய்ந்து நிற்கிறது. 70-க்கு மேல் வண்டி அலைகிறது, வளைவு முடிந்தாலும் ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவதில்லை. 60-65-ல் பாலத்து இணைப்பு மேல் ஏறினால் ஸ்டீயரிங் படபடவென்று ஆடுகிறது, வேகம் குறைத்தால்தான் நிற்கிறது.

அலைன்மென்ட் ரிப்போர்ட்: கேஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வு) இடது 0.4, வலது 0.2 டிகிரி. கேம்பர் (சக்கரம் உள்ளே அல்லது வெளியே சாய்வது) இடது +0.6, வலது +0.2. டோ (முன் சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ பார்ப்பது) சரி. "இதுல கேஸ்டருக்கும் கேம்பருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது, வேணும்னா ஸ்டீயரிங்கைக் கழட்டி நேரா மாட்டித் தர்றோம்" என்கிறார்கள். மாட்டச் சொல்லலாமா? கேஸ்டர் புஷ் (கேஸ்டரைத் திருத்த, துளை நடுவை விட்டுத் தள்ளி இருக்கும் புஷ்) போட்டால் மூன்றும் சரியாகுமா?

அச்சாணி

ஸ்டீயரிங்கைக் கழட்ட விடாதீங்க. இஎஸ்பி (வண்டி சறுக்காமப் பாத்துக்கற எலக்ட்ரானிக் அமைப்பு) இருக்கற வண்டி. ஸ்டீயரிங் வீலை ஸ்ப்ளைன் (தண்டுல இருக்கற பல்) மாத்தி மாட்டினா பார்வைக்கு நேரா நிக்கும், ஆனா ஆங்கிள் சென்சாரும் ஸ்டீயரிங் பாக்ஸும் நடுவை விட்டு விலகியேதான் இருக்கும். பாக்ஸுக்குள்ள பல் இறுக்கமாப் பிடிக்கறது நட்ட நடுவுலதான். நேரா ஓட்டும்போது பாக்ஸ் நடுவுல இல்லைன்னா ஸ்டீயரிங்ல ப்ளே தெரியும், அதுவும் சேர்ந்து வண்டியை அலைய வைக்கும்.

மூணு பிரச்சனைக்கும் காரணம் வேற வேற. முன்னாடி இருக்கறது ஒரே துண்டு ஆக்ஸில். டை ராட் (ரெண்டு முன் சக்கரத்தையும் இணைக்கற ராட்) ஆக்ஸிலோடயே போறதால லிஃப்ட் டோவை மாத்தாது. கேம்பரையும் மாத்தாது. லிஃப்ட் கெடுக்கறது மூணைத்தான்: கேஸ்டர், ஆக்ஸிலோட பக்கவாட்டு இடம், ஸ்டீயரிங் நடு.

கேஸ்டர் ஏன் போச்சு? ஆர்ம் ரெண்டும் ஆக்ஸில்லேர்ந்து பின்னோக்கிப் போய் சேஸியில சேருது. பாடி உயர்ந்தா ஆர்மோட பின்முனை மேல போகும், ஆக்ஸில் முன்பக்கமாச் சுழலும். எவ்வளவு இழந்தோம்னு நீங்களே கணக்குப் போடலாம். ஆக்ஸில் நடுவுலேர்ந்து சேஸி புஷ் நடு வரை டேப் பிடிங்க. உயர்ந்த அளவை அதால வகுத்து 57.3-ஆல பெருக்கினா டிகிரி வரும். உதாரணமா 800 மி.மீ ஆர்ம், 50 மி.மீ உயரம்னா 3.6 டிகிரி. ஸ்பிரிங் பெட்டியில போட்டிருக்கற 50-ஐ நம்பாதீங்க, ஹப் நடுவுலேர்ந்து ஃபெண்டர் விளிம்பு வரை நாலு பக்கமும் அளந்து, லிஃப்ட் பண்ணாத வண்டியோட ஒப்பிடுங்க. சாமான் ஏத்தாத வண்டியில 60-க்கு மேலயும் தூக்கியிருக்கும்.

ரிப்போர்ட்லயும் ஒரு விஷயம் பாருங்க. கேஸ்டர் எடுக்கணும்னா வீலை ரெண்டு பக்கமும் குறிப்பிட்ட டிகிரிக்குத் திருப்பிக் காட்டணும். அதைச் செய்யாம அடிச்ச பிரிண்ட்ல கேஸ்டர் கட்டத்துல இருக்கற எண்ணுக்கு அர்த்தமில்லை. திருப்பினாங்களான்னு கேளுங்க.

ஆட்டம் லிஃப்ட்டோட நேரடிக் குணம் இல்லை. குறைஞ்ச கேஸ்டர் அலைய வைக்கும், இப்படிப் படபடன்னு ஆட வைக்கறது பெரும்பாலும் எங்கேயோ இருக்கற லூஸ்தான். உங்க ரிப்போர்ட்ல எனக்கு உறுத்தறது வலது கேம்பர். ரெண்டு பக்கத்துக்கும் 0.4 வித்தியாசம். கிங்பின் (சக்கரம் இடது வலதாத் திரும்பற அச்சு) பேரிங்கோ வீல் பேரிங்கோ லூஸா இருந்தா வண்டி எடையில டயரோட மேல்பக்கம் உள்ள சாயும், அந்தப் பக்கக் கேம்பர் குறையும். இது அதே மாதிரி இருக்கு.

ஆக்ஸிலுக்கு அடியில ஜாக்கி வச்சு, ஸ்டாண்ட் போட்டு, டயரை 12 மணி-6 மணி இடத்துல பிடிச்சு ஆட்டுங்க. ப்ளே இருந்தா இன்னொருத்தரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்க. மிதிச்சதும் ப்ளே போச்சுன்னா வீல் பேரிங். போகலைன்னா கிங்பின். 3-9 இடத்துல மட்டும் ஆடினா டை ராட் எண்ட். அப்புறம் டயரைத் தரையில வச்சு, இன்ஜின் ஓடும்போது ஒருத்தர் ஸ்டீயரிங்கை இடதும் வலதுமா வெடுக்குன்னு திருப்பணும், நீங்க கீழ பேன்ஹார்ட் ராடோட ரெண்டு புஷ்ஷையும் பாருங்க. ஆக்ஸில் அசையறதுக்கு முன்னாடி போல்ட் மட்டும் துளைக்குள்ள நகர்ந்தா அதுதான் குற்றவாளி.

இதுக்கு முன்னாடி பெரிய ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கற ஷாக்) வாங்கிப் போடாதீங்க. ஆட்டத்தை மறைக்கும், உள்ள தேய்மானம் நடந்துகிட்டே இருக்கும்.

நாலுசக்கரம்

அச்சாணி அண்ணன் சொன்னதோட இதையும் பாருங்க. ஸ்பிரிங் மாத்தும்போது ஆர்ம் போல்ட்டை ஜாக்கியில தூக்கின நிலையிலேயே முறுக்கிட்டாங்களா? புஷ் ரப்பர் உள்குழாயோட ஒட்டினது. தொங்கற நிலையில முறுக்கினா வண்டி இறங்கினதும் ரப்பர் முறுகியே நிக்கும், சீக்கிரம் கிழியும். எல்லா போல்ட்டையும் தளர்த்தி, வண்டி நாலு டயர்ல நிக்கும்போது மேனுவல்ல போட்டிருக்கற டார்க்குக்கு (முறுக்கு அளவு) முறுக்குங்க.

ஆக்ஸில் விலகலுக்குத் தூக்குக்குண்டு போதும். ரெண்டு பக்கமும் சேஸி மேல ஒரே இடத்துலேர்ந்து தொங்கவிட்டு ரிம் விளிம்பு வரை அளங்க. வித்தியாசத்துல பாதிதான் விலகல். பேன்ஹார்ட் ராட் சேஸியில மாட்டியிருக்கற பக்கமா ஆக்ஸில் போயிருக்கும். 800 நீள ராட், முனைகளோட உயர வித்தியாசம் 60-லேர்ந்து 110 ஆனா சுமார் 5 மி.மீ. அதுக்கு நீளம் மாத்தற ராட் போதும். ராடோட ஆக்ஸில் முனையை மட்டும் உயர்த்தற பிராக்கெட் வேண்டாம். பேன்ஹார்டும் டிராக் லிங்க்கும் (ஸ்டீயரிங் பாக்ஸ்லேர்ந்து சக்கரத்துக்குப் போற ராட்) ஒரே சாய்வுல இருக்கணும், இல்லைன்னா ஒவ்வொரு பள்ளத்துலயும் ஸ்டீயரிங் தானாத் திரும்பும்.

கேஸ்டருக்கு ஆஃப்செட் புஷ்ஷை (நீங்க கேட்ட கேஸ்டர் புஷ்) விட சேஸி பக்கம் இறக்கற பிராக்கெட்தான் என் கட்சி. ஆர்ம் பழைய சாய்வுக்கே வந்துடும், பள்ளத்துல இடி குறையும். ஆனா சக்கரத்துக்குப் பின்னாடி தரை இடைவெளி போகும், பாறையில ஏறறவங்களுக்கு அது ஒத்துவராது. புஷ்தான்னா ரெண்டு ஆர்ம்லயும் ஒரே மாதிரி அழுத்தணும், ஒவ்வொரு ஆர்ம்லயும் முன் புஷ்ஷோட துளை தள்ளியிருக்கற திசைக்கு எதிர்த்திசையில பின் புஷ்ஷோடது வரணும். ஒரு ஆர்ம்ல திசை மாறினாலும் ஆக்ஸிலையே முறுக்கற மாதிரி ஆகும், சக்கரம் மேல கீழ போறது தடைப்படும்.

காட்டுத்தடம்

வலது பக்கம் 12-6-ல் ப்ளே இருக்கிறது, பிரேக் மிதித்தாலும் போகவில்லை. இடது சுத்தம். பேன்ஹார்ட் புஷ் நகரவில்லை. கேஸ்டரைத் திருப்பித்தான் எடுத்தார்களாம்.

அச்சாணி

அப்போ வலது கிங்பின். மேல், கீழ் ரெண்டு பேரிங்கும் கப்போட (வெளிவளையம்) மாத்துங்க, நக்கிள் சீலும் சேர்த்து. ஷிம் (இடையில வைக்கற மெல்லிய தகடு) எடுத்தா இறுக்கம் கூடும். சீல் மாட்டறதுக்கு முன்னாடி டை ராட் துளையில ஸ்பிரிங் தராசு மாட்டி இழுத்து, மேனுவல் எண்ணுக்குள்ள வருதான்னு பாருங்க. கையால திருப்பிப் பார்த்து "டைட்டா இருக்கு"ன்னு விட்டா திரும்ப ஆடும்.

அப்புறம் வரிசை முக்கியம். கிங்பின் முடிஞ்சதும் கேஸ்டர், அடுத்து பேன்ஹார்ட், அப்புறம் டோ. ஸ்டீயரிங் நடு கடைசி, ஏன்னா ஆக்ஸில் ஒவ்வொரு தடவை நகரும்போதும் அது மாறும். வண்டி தரையில, சக்கரம் நேரா இருக்க, டிராக் லிங்க் லாக் நட் ரெண்டையும் தளர்த்தி அட்ஜஸ்டரைத் திருப்புங்க, ஸ்டீயரிங் வீல் நேராகும். டை ராடைத் தொட வேண்டாம், அது டோவுக்கு.

கேஸ்டரை மேனுவல் எண்ணுக்கு மேல கூட்டாதீங்க. ஆர்ம் புஷ்ஷாலயோ பிராக்கெட்டாலயோ ஆக்ஸிலைப் பின்னாடி சாய்க்கச் சாய்க்க டிஃப்ரென்ஷியல் மூக்கு கீழ இறங்கும், முன் ப்ரொபெல்லர் ஷாஃப்ட் ஜாயின்ட் கோணம் கூடும். 2ஹெச்ல (பின் சக்கரம் மட்டும் இழுக்கும்போது) தெரியாது. 4ஹெச் (நாலு சக்கரமும்) போட்டு 40-50-ல ஓட்டும்போது அதிர்வு வந்தா கேஸ்டரை அரை டிகிரி விட்டுக்கொடுங்க.