பெட்டியைத் திறந்தாலே ஆசானுக்கு போன்: சொந்தக் கண்ணை நம்பப் பழகுவது எப்படி?

குலசேகரம்_புதுக்கை கேட்டது:

அண்ணன்மாரே, வீட்டுத் தோட்டத்தில் 6 தேனீப் பெட்டி வைத்திருக்கிறேன். எல்லாம் அடுக்குத் தேனீ. அடை (தேனீ கட்டும் மெழுகு அறைத் தொகுதி) கட்டிய மரச் சட்டத்தைத் தூக்கும்போது என்ன இருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. மூடியை வைத்ததும் சந்தேகம் பிடித்துக்கொள்கிறது. உடனே படம் எடுத்து, தேனீ வளர்க்கக் கற்றுத்தந்த ஆசானுக்கு அனுப்புகிறேன். பெரும்பாலும் நான் நினைத்ததையே அவரும் சொல்கிறார். ஆனாலும் அவர் வாயால் கேட்காமல் கை ஓடுவதில்லை.

ரப்பர் இலை உதிர்ந்து கிடக்கிறது. தளிர் விட்டால் தேன் வரத்து தொடங்கும், தினமும் ஏதாவது முடிவெடுக்க வேண்டும், அந்த நேரம் ஆசானுக்கு போன் எடுக்க நேரமிருக்காது. தேனீயைப் பற்றி இல்லை என் கேள்வி. நான் பார்த்ததை நானே எப்படி நம்புவது? யாராவது வழி சொல்லுங்கள்.

---

திற்பரப்பு_தேன்கூடு:

தம்பி, ஆசான் சொல்வதும் நீ நினைப்பதும் ஒத்துப்போகிறது என்றால் உனக்கு அறிவுக் குறை இல்லை, கணக்குக் குறையாக்கும். எத்தனை முறை சரியாகச் சொன்னாய் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை. தவறிய ஒரு தடவை மட்டும் மனசில் பெரிசாக நிற்கும், சரியாக வந்த பத்துத் தடவையும் காணாமல் போகும்.

ஒரு நோட்டு வாங்கு. பெட்டியைத் திறக்கும் முன் வாசலுக்குப் பக்கவாட்டில் நின்று 2 நிமிடம் பார். பின்பக்கத்தை ஒரு விரல் உயரம் தூக்கிக் கனம் பார். பிறகு உள்ளே என்ன இருக்கும் என்று ஊகித்து மூன்று வரி எழுது: முட்டை இருக்கிறதா, ராணி அறை (புது ராணி வளரும் அறை) இருக்கிறதா, தேன் எத்தனை சட்டத்தில். திறந்த பிறகு எழுதக் கூடாது. திறந்து பார்த்துவிட்டால் ‘எனக்கு முன்னமே தெரியும்’ என்று மனசு சொல்லிவிடும், அந்தக் கணக்கு செல்லாது. எழுதியபின் திற, பார், பக்கத்தில் சரி தப்பு போடு.

6 பெட்டி, வாரம் ஒரு முறை. நான்கு வாரத்தில் 24 பதிவு கிடைக்கும். அதை மொத்தமாகக் கூட்டிப் பார்க்காதே, கேள்விவாரியாகப் பிரி. தேன் கணிப்பில் 24-க்கு 20 சரி, ராணி அறையில் 24-க்கு 11 தான் சரி என்று வரலாம். அப்படி வந்தால் தேன் விஷயத்தில் இனி யாரையும் கேட்க வேண்டாம், ராணி அறைக்கு மட்டும் கேள். தன்னம்பிக்கை என்று ஒரே பெரிய மூட்டையாக நினைப்பதால்தான் ஒன்று தவறியதும் எல்லாம் சரிகிறது.

கனத்துக்கு ஒரு ஸ்பிரிங் தராசைக் கொக்கியில் மாட்டிப் பின்விளிம்பை இழுத்துப் பார்க்கலாம். முதலில் கிலோவை ஊகித்துச் சொல், பிறகு முள்ளைப் பார். கை சீக்கிரம் படிந்துவிடும்.

படம் அனுப்புவது பற்றியும் சொல்லணும். முட்டை ஊசிமுனை அளவு. போன் படத்தில் அது பாதி நேரம் விழாது. வாசனை, கனம், ஈக்கள் அடையில் அமைதியாக இருக்கின்றனவா ஓடுகின்றனவா, இதெல்லாம் ஆசானுக்குப் போய்ச் சேருவதில்லை. அடையைக் கையில் பிடித்திருக்கிற உனக்குத்தான் அவரைவிடக் கூடுதல் தெரியும்.

---

அருமனை_விளை:

மேலே சொன்னது சரி. ஆனால் பார்க்கத் தெரியாமல் எழுதினால் நோட்டு நிறையத் தப்புதான் வரும். சந்தேகத்தில் பாதி, தவறான இடத்தில் தேடுவதால் வருவது.

ராணியைக் கண்ணால் காண வேண்டியதில்லை. அதைத் தேடி அரை மணி நேரம் பெட்டியைத் திறந்து வைத்தால் கூட்டம் கலைந்து ஓடும், சில நேரம் பெட்டியையே விட்டுப் போகும். 5 நிமிடம் போதும். வெயில் உன் தோளுக்குப் பின்னாலிருந்து அறைக்குள் விழும்படி நின்று முட்டையைப் பார். முதல் நாள் முட்டை குத்திட்டு நிற்கும், அடுத்த நாள் சாயும், மூன்றாம் நாள் படுக்கும். நிற்கிற முட்டை கண்டால் நேற்றோ இன்றோ ராணி அங்கே இருந்தது. அதற்கு மேல் ஆதாரம் வேண்டாம். ஆனால் ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை, அதுவும் சுவரில் ஒட்டியிருந்தால் அது ராணியின் வேலை இல்லை, வேலைக்கார ஈக்கள் இடத் தொடங்கிவிட்டன.

இன்னொரு பொறி: ரப்பர் தளிர் காலத்தில் ஈக்கள் காலில் மகரந்தம் குறைவாக வரும். உடனே ‘ராணி போயிற்று’ என்று பயப்படாதீர்கள். ரப்பர் தேன் மூவிலை சேரும் காம்பு நுனிச் சுரப்பியிலிருந்து வருவது, பூவிலிருந்து அல்ல. அதோடு மகரந்தம் வராது.

முட்டையும் இல்லை, ராணி அறையும் இல்லை என்றால்? அப்போதும் ஆசானைக் கேட்க வேண்டாம், பெட்டியையே கேட்கலாம். நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து, ஒட்டியிருக்கும் ஈக்களைத் தூரிகையால் அங்கேயே தள்ளிவிட்டு (ராணி தப்பித் தவறி வந்துவிடக் கூடாது), சந்தேகப் பெட்டியின் நடுவில் வையுங்கள். 3 நாள் கழித்துப் பாருங்கள். ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் ராணி இல்லை. கட்டவில்லை என்றால் உள்ளே ஒன்று இருக்கிறது, இன்னும் முட்டையிடாத கன்னி ராணியாக இருக்கலாம். இரண்டில் எதுவானாலும் கூட்டுக்கு நஷ்டமில்லை.

---

குழித்துறை_ஆற்றோரம்:

எதற்கு இன்னும் கேட்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திரும்ப எடுக்க முடிகிற வேலைக்கு யாரையும் கேட்காதீர்கள். தேன் அறை (தேன் சேரப் பெட்டிமேல் வைக்கும் தட்டு) ஏற்றுவது, சர்க்கரையும் தண்ணீரும் சம எடையில் கரைத்துச் சாயங்காலம் சிரட்டையில் வைப்பது, வாசலைச் சுருக்குவது, எல்லாம் நாளைக்கே மாற்றலாம். ராணி அறையை நசுக்குவது, கூட்டைப் பிரிப்பது, இரண்டு பெட்டியை ஒன்றாக்குவது திரும்பாது. அங்கே நிதானம்.

நோய் என்று தோன்றினால் கட்டாயம் கேளுங்கள். வளர்ந்த புழு மல்லாந்து, தலைப்பக்கம் படகு முனைபோல் தூக்கி, ஊசியால் எடுத்தால் நீர்ப்பைபோல் வந்தால் அது தாய்லாந்து சாக் புரூட் (Thai sacbrood) என்ற வைரஸ் நோய். 1990-களின் தொடக்கத்தில் நம் குமரி மாவட்டத்துப் பெட்டிகளைக் காலியாக்கியது அதுதான். மருந்து கிடையாது. அந்தப் பெட்டிச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றவே கூடாது. மேலே சொன்ன சோதனைச் சட்டத்துக்கும் இது பொருந்தும்.

கேட்கும்போதும் ‘என்ன செய்யட்டும் ஆசானே’ என்று கேட்காதீர்கள். ‘இது இன்னது, காரணம் இந்த இரண்டு அடையாளம், நாளைக்கு இதைச் செய்யப்போகிறேன், தப்பென்றால் சொல்லுங்கள்’ என்று அனுப்புங்கள். முடிவு உங்களுடையதாகவே நிற்கும்.

---

குலசேகரம்_புதுக்கை:

எல்லாருக்கும் நன்றி அண்ணே. பழைய படங்களையும் ஆசான் பதில்களையும் வைத்து ஒரு கணக்குப் போட்டேன். ராணி அறையிலும் ஆண் ஈ அறையிலும்தான் நான் அதிகம் தடுமாறியிருக்கிறேன். நேற்றும் ஒரு பெட்டியில் அடையின் கீழே எதையோ கண்டு கை நடுங்கிவிட்டது. அங்கே என்ன செய்வது?

---

அருமனை_விளை:

ஆண் ஈ அறை மூடியபின் குமிழ்போல் புடைத்து, உச்சியில் ஊசியால் குத்தினதுபோல ஒரு துளை இருக்கும். நம் அடுக்குத் தேனீக்கு உள்ள அடையாளம், ஒரு தடவை கண்டால் மறக்காது. ராணி அறை அடையிலிருந்து நிலக்கடலைபோல் கீழ்நோக்கித் தொங்கும். கீழ்விளிம்பில் வரிசையாகப் பல தொங்கினால் கூட்டம் பிரியப் பார்க்கிறது. அடையின் நடுவில், சாதாரணப் புழு அறையையே நீட்டிக் கட்டியிருந்தால் ராணியை இழந்து அவசரத்தில் கட்டியது.

கூட்டம் பிரியாமலிருக்க ராணி அறையை நசுக்கும் முன் முட்டையைப் பார். நிற்கிற முட்டை இல்லை என்றால் எதையும் தொடாதே. பழைய ராணி ஏற்கெனவே பறந்திருக்கலாம். நீ நசுக்குவது கூட்டின் கடைசி வாய்ப்பாக இருக்கும்.

மூடிய ராணி அறையைக் கண்ட தேதியைப் பெட்டி மூடியில் சாக்பீசால் எழுது. மூடியதிலிருந்து 7, 8 நாளில் ராணி வெளிவரும். அது பறந்துபோய் ஆண் ஈயோடு கூடித் திரும்பி முட்டையிட இன்னும் சுமார் இரண்டு வாரம். அந்த நாட்களில் திறந்து பார்க்கத் தோன்றும், ஆசானுக்குப் படம் அனுப்பவும் தோன்றும். வாசலை மட்டும் பார், மூடியில் கை வைக்காதே.