டிராயிங்கில் 140, டிஸ்ட் போட்டால் 5.5118: இது எம்எம்மா, இன்ச்சா?

கணபதி லேசர்:
வணக்கம்ங்க. கோவை கணபதியில் ஒரு லேசர் கட்டிங் ஷாப்பில் புரோகிராமிங் பார்க்கிறேன். ஒரு பார்ட்டி மோட்டார் பேரிங் பிளேட்டுக்கு டிஎக்ஸ்எஃப் டிராயிங் ஃபைல் அனுப்பியிருக்கிறார். ஆட்டோகேடில் திறந்தால் வெளி டயா 140 என்று டைமென்ஷன் இருக்கிறது, யூனிட்ஸ் கமாண்ட் போட்டாலும் மில்லிமீட்டர் என்றே வருகிறது, ஆனால் பிளேட்டில் ஜாப்களை அடுக்குகிற நெஸ்டிங் சாப்ட்வேரில் ஏற்றினால் ஜாப் மிளகு சைஸில் நிற்கிறது. தூரம் அளக்கிற டிஸ்ட் கமாண்ட் போட்டு அளந்தேன்: வெளி டயா 5.5118, நடு ஓட்டை 2.0472, போல்ட் ஓட்டை 0.3543. பார்ட்டி போனை எடுக்கவில்லை, 16 எம்எம் பிளேட் மெஷினில் ஏறிவிட்டது. எதை நம்புவது?

பல்லடம் ஃபேப்:
யூனிட்ஸில் போய் இன்ச் என்று மாற்றிப் பாருங்க, சரியாகிவிடும்.

சூலூர் டிராப்டிங்:
மாற்றினால் கோடு ஒரு நூல் கூட நகராதுங்க. ஃபைலுக்குள் இருப்பது வெறும் எண்தான், 5.5118 என்றால் 5.5118, அவ்வளவுதான். யூனிட்ஸில் தெரிகிற மில்லிமீட்டர், அந்த எண்ணுக்கு மேல் யாரோ ஒட்டிய லேபிள். ஒரு டிராயிங்கை இன்னொன்றுக்குள் இன்சர்ட் செய்யும்போதுதான் அது வேலைக்கு வரும். டிஎக்ஸ்எஃப்பை நோட்பேடில் திறந்து இன்ஸ்யூனிட்ஸ் (INSUNITS) என்று தேடினால் கீழே 70, அதற்கும் கீழே ஒரு எண் இருக்கும்: 1 என்றால் இன்ச், 4 எம்எம், 5 சென்டிமீட்டர், 6 மீட்டர், 0 என்றால் எதுவும் சொல்லவில்லை. பழைய ஆர்12 ஃபார்மட்டில் அந்த வரியே கிடையாது. உங்களுக்கு 4 இருக்கும், ஆனால் அதை வைத்து மட்டும் கட்டிங் போடாதீங்க.

டைமென்ஷனில் தெரிகிற 140-ம் அளந்த அளவு என்று எடுத்துக்கொள்ள முடியாது. டிம்எல்ஃபேக் என்று ஒரு செட்டிங் உண்டு, அதில் 25.4 வைத்திருந்தால் அளந்ததைப் பெருக்கித்தான் காட்டும். இல்லையென்றால் யாராவது 140 என்று கையால் டைப் செய்திருக்கலாம், அது இன்னும் மோசம். இரண்டில் எது என்று பார்க்க நாலைந்து டைமென்ஷனை எடுத்து, காட்டுகிற எண்ணை டிஸ்ட் எண்ணால் வகுத்துப் பாருங்க. எல்லா இடத்திலும் ஒரே விகிதம் வர வேண்டும், எங்காவது ஒன்று மாறினால் அந்த டைமென்ஷன் கைவைத்தது. விகிதம் 25.4 என்றால் இன்ச்சில் வரைந்தது, 304.8 என்றால் அடி, 10 என்றால் பெரும்பாலும் சென்டிமீட்டர். வெறும் 2 அல்லது 5 வந்தால் அது யூனிட் பிரச்சினையே இல்லை, சிறிதாக்கி ஸ்கேலில் வரைந்திருக்கிறார்கள்.

கரூர் பாடி பில்டிங்:
தம்பி, அண்ணன் சொன்ன கணக்கு சரிதான். ஆனால் கணக்குக்கு முன்னால் சைஸ் மாறாத ஒரு பொருளை டிராயிங்கில் தேடுங்க. நாங்கள் பஸ் பாடி டிராயிங்கில் 8க்கு 4 அடி ஷீட்டைத் தேடுவோம். உங்களுக்கு அந்த நடு ஓட்டை போதும். 2.0472-ஐ 25.4 ஆல் பெருக்கினால் 52 வருகிறது, 6205 நம்பர் பேரிங்கின் வெளி டயா அதுதான். 0.3543 பெருக்கினால் 9, எம்8 போல்ட்டுக்குப் போடுகிற ஓட்டை. பேரிங்கும் போல்ட்டும் ஒன்றாகச் சொன்ன பிறகு சந்தேகமே வேண்டாம், 25.4 போட்டு ஸ்கேல் பண்ணுங்க.

கணபதி லேசர்:
ரொம்ப நன்றிங்க. எல்லா டைமென்ஷனிலும் 25.4 தான் வந்தது. ஸ்கேல் செய்தேன், டிஸ்ட் போட்டால் இப்போது 140 வருகிறது, ஆனால் டைமென்ஷன் 3556 என்று காட்டுகிறதே?

சூலூர் டிராப்டிங்:
அப்படித்தான் காட்டும், 140-ஐ மறுபடியும் 25.4 ஆல் பெருக்குகிறது. டைமென்ஷன் ஸ்டைலில் பிரைமரி யூனிட்ஸ் பக்கம், ஸ்கேல் ஃபேக்டரை 1 ஆக்குங்க. அப்பவும் மாறாத டைமென்ஷன் இருந்தால் அதை செலக்ட் பண்ணி பிராப்பர்ட்டீஸில் தனியாக 1 போடணும். நெஸ்டிங்குக்கு எப்படியும் டைமென்ஷன் தேவையில்லை, அந்த லேயரை நீக்கிவிட்டே ஏற்றுங்க. அப்புறம் பேரிங் உட்காருகிற ஓட்டையை லேசரில் 52-க்கே வெட்டிவிடாதீங்க, லேத்தில் போரிங் போட, அதாவது உள்ளே கடைந்து சரியான அளவுக்குக் கொண்டுவர, மெட்டீரியல் வேணும்.

கணபதி லேசர்:
1 ஆக்கினேன், 140 வந்துவிட்டது. பார்ட்டியும் இப்போதுதான் கூப்பிட்டார், 6205 தானாம். நடு ஓட்டையை 50-ல் வெட்டி அனுப்பச் சொல்லிவிட்டார், போரிங் அவர் லேத்திலேயே போட்டுக்கொள்கிறாராம்.