புதர்த்தவளைப் படங்களும் குரல் பதிவுகளும் தேவை

வணக்கம். மேற்குத் தொடர்ச்சி மலையில் ராவோர்கெஸ்டஸ், சூடோஃபிலாட்டஸ் என்ற இரு புதர்த்தவளைப் பேரினங்களையும் பிரித்தறிய ஒரு தமிழ்க் கையேடு தயாராகிறது. உங்களிடம் உள்ள படங்களும் குரல் பதிவுகளும் வேண்டும்.

முன்பு ஃபிலாட்டஸ் என்ற ஒரே பேரினத்தில் கிடந்தவைதான் இவை. மரபணு ஆய்வின் துணையோடு 2010-ல் ராவோர்கெஸ்டஸ் தனியானது, இந்தியத் தவளை ஆய்வாளர் சி. ஆர். நாராயண ராவ் நினைவாக வைத்த பெயர். இரண்டிலுமே தலைப்பிரட்டைப் பருவம் வெளியே கிடையாது, முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளைதான் வரும். அதனால் இனப்பெருக்க முறையை வைத்துப் பிரிக்க முடியாது.

முதுகுப் படம் மட்டும் அனுப்பாதீர்கள். ஒரே இனத்திலேயே பச்சை, பழுப்பு, கோடு போட்டது என்று பல நிறம் வரும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான். கவட்டிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள புள்ளிகள், பின்கால் விரலிடைச் சவ்வு, கத்தும்போது ஊதிய குரல்பை (ராவோர்கெஸ்டஸில் கண்ணாடிபோல் இருக்கும்), இவை தெளிவாகத் தெரிய வேண்டும். ஃபிளாஷை நேராக அடித்தால் ஈரத்தோல் வெள்ளையாகப் பளிச்சிடும், பக்கவாட்டில் பிடியுங்கள்.

குரலை வேவ் (WAV) கோப்பாக, குறைந்தது 3 நிமிடம் பதியுங்கள். போனின் இரைச்சல் நீக்கியை அணைத்துவிடுங்கள், அது மெல்லிய துடிப்புகளைத் தின்றுவிடும். காற்று வெப்பநிலையும் அவசியம்: குளிர்ந்தால் கத்தும் வேகம் குறையும்.

கொசு மருந்து பூசிய கையால் தயவுசெய்து தவளையைத் தொடாதீர்கள்.