அடுப்படிக்கு எத்தனை பிளக்?

நான்: எலக்ட்ரீஷியன் நாளைக் காலை எட்டு மணிக்குச் சுவரில் காடி வெட்ட வருகிறார். அடுப்படியில் எங்கெங்கே பாயிண்ட் வேண்டும் என்று இன்றிரவுக்குள் சொல்லிவிடுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு யாரும் வாய் திறக்கக் கூடாது.

அம்மா: மிக்சிக்கு ஒன்று. கிரைண்டருக்கு ஒன்று. போதும்

செல்வி: இண்டக்‌ஷனுக்கு அத்தை?

அம்மா: அது உன் பாடு

பெரியப்பா: அனைவருக்கும் வணக்கம். பெல் (BHEL) கம்பெனியில் 34 வருடம் குப்பை கொட்டியவன் சொல்கிறேன், பொறுமையாகப் படிக்கவும். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட். இண்டக்‌ஷன் 2000 வாட்ஸ், கெட்டில் 1500, மைக்ரோவேவ் 1200, மிக்சி 750. கூட்டினால் 5450. அதை 230ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 24 ஆம்ப்ஸ். பழைய அடுப்படி முழுக்க ஒரே ஒரு 16 ஆம்ப்ஸ் எம்சிபி, அதாவது கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச். பொங்கலன்று டிரிப் ஆனதற்கு ஈபிக்காரரைத் திட்டியது அநியாயம்.

குமார் அண்ணன்: அப்பா சுருக்கமாக

பெரியப்பா: சுருக்கம்தான் இது.

ராஜி அத்தை: அன்று வடைக்கு அரைத்தது பாதியில் நின்றதே 😂 அண்ணி முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது

சித்தப்பா: 🌹இனிய காலை வணக்கம்🌹

குமார் அண்ணன்: மணி மாலை ஆறு சித்தப்பா

பெரியப்பா: அப்புறம் டிரிப் ஆகாமல் இருக்க ஒருவர் எம்சிபியைக் கழற்றி 32 மாட்டினார். உள்ளே ஒயர் அதே மெல்லிய 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்). எம்சிபி ஒயருக்குத்தான் காவல், மிக்சிக்கு அல்ல. அது விழாவிட்டால் ஒயர் வேகும். ஒரு வாரம் மீன் வாடை அடித்ததே, பக்கத்து வீட்டில் கருவாடு என்று நினைத்தோமே, அது சுவிட்ச் போர்டு.

செல்வி: அந்த ஒருவர் இப்போது துபாயில் இருக்கிறார்

குமார் அண்ணன்: நல்லது செய்தால் இதுதான் கிடைக்கும்

அம்மா: மாமா, கிரைண்டர் மூலையில் பிளக் கட்டாயம்

ராஜி அத்தை: எந்தக் கிரைண்டர் அண்ணி?

அம்மா: கோயம்புத்தூரிலிருந்து இவர் பஸ் மேலே போட்டுக் கொண்டுவந்தாரே, அதில்லை. அது 2009இல் உங்கள் வீட்டுக்குப் போனது. இன்னும் வந்து சேரவில்லை

ராஜி அத்தை: எங்கள் அம்மா தன் கையால் கொடுத்தது

நான்: பாயிண்ட் பற்றிப் பேசலாமா

பெரியப்பா: எழுதிக்கொள். இண்டக்‌ஷனுக்குத் தனி லைன். மைக்ரோவேவும் கெட்டிலும் ஒரு லைன், இரண்டும் சேர்ந்தாலும் 12 ஆம்ப்ஸ் தாண்டாது. மிக்சி, கிரைண்டர் ஒரு லைன். எல்லாம் 2.5 ஸ்கொயர் ஒயர், 16 ஆம்ப்ஸ் எம்சிபி. பிரிட்ஜை எதனோடும் சேர்க்காதே. பழனிக்குப் போன மூன்று நாளில் மாவு பொங்கி வழிந்தது நினைவிருக்கட்டும். சிங்க் பக்கத்திலும் அடுப்புக்கு நேர் மேலேயும் பிளக் கூடாது. கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி கட்டாயம். எர்த் ஒயர் பச்சை, அதை விட்டுவிட்டு வேலை செய்தால் ஆளைத் திருப்பி அனுப்பு.

செல்வி: சிம்னி?

பெரியப்பா: அது 6 ஆம்ப்ஸில் ஓடும்.

அம்மா: சிம்னி எதற்கு, ஜன்னல் இருக்கிறது

செல்வி: 🙂

சித்தப்பா: செலவு எவ்வளவு ஆகும்

நான்: கேட்டிருக்கிறேன், பதில் இல்லை

அப்பாயி: [குரல் செய்தி 0:41]

குமார் அண்ணன்: நாளை செவ்வாய்க்கிழமை, சுவரில் உளி படக் கூடாதாம். கிரைண்டர் பற்றியும் ஏதோ சொல்கிறார், சரியாகக் கேட்கவில்லை

ராஜி அத்தை: எனக்குத் தெளிவாகக் கேட்டது

அம்மா: எனக்கும்

நான்: அப்படியானால் எலக்ட்ரீஷியனைப் புதன்கிழமை வரச் சொல்லவா? சிம்னி உண்டா இல்லையா?

அம்மா: ராஜி, சனிக்கிழமை வளைகாப்புக்கு எத்தனை பேர் வருகிறீர்கள்?