மூன்று வயது மகளுடன் கேளிக்கைப் பூங்கா: மதுரையா, திருப்போரூரா?

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளைக் கேளிக்கைப் பூங்காவுக்கு அழைத்துச் செல்வதாக வாக்குக் கொடுத்துவிட்டு, எங்கே போவது என்று முடிவு செய்ய இயலாமல் இருக்கிறேன்.

மகனுக்கு ஆறு வயது, உயரம் 112 செ.மீ.; மகளுக்கு மூன்று வயது, 91 செ.மீ. முழங்கால் வலியுள்ள அவர்களுடைய அப்பத்தாவும் உடன் வருகிறார். சென்ற மே மாதம் வேறொரு பூங்காவில் மகனுக்கும் சீட்டுக்குப் பணம் பெற்றுக்கொண்டு, ஒவ்வொரு ராட்டினத்தின் வாயிலிலும் அளவுகோலைக் காட்டித் திருப்பி அனுப்பினார்கள். உயரக் கட்டுப்பாடு பாதுகாப்புக்கானது என்பதை நான் மறுக்கவில்லை, ஆனால் அதைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே சொல்லியிருக்கலாம். மகள் அன்றைய பொழுதில் பாதியை என் தோளிலேயே கழித்தாள்.

மதுரை பரவையில் உள்ள ‘அதிசயம்’ பூங்கா ஏறத்தாழ 90 கி.மீ. தொலைவு என்பதால், காலையில் காரில் புறப்பட்டு இரவே வீடு திரும்பிவிடலாம். திருப்போரூர் அருகே 2025 டிசம்பரில் திறக்கப்பட்ட வொண்டர்லாவுக்குச் செல்வதென்றால், அதிகாலைப் பல்லவன் ரயிலில் ஏறினாலும் எழும்பூர் சேரவே நண்பகலாகிவிடும். இரண்டு இரவாவது தங்க வேண்டியிருக்கும். ஊரிலுள்ள சுற்றுலா முகவரிடம் கேட்டேன், வேன் வாடகையைத் தவிர அவர் வேறெதுவும் சொல்லவில்லை. போய்வந்த உறவினர்களோ கல்லூரி வயதுப் பிள்ளைகளுடன் சென்றவர்கள். காணொளிகளில் பெரியவர்கள் அலறும் காட்சிகள்தாம் நிறைந்திருக்கின்றன.

ஒரு மீட்டருக்கும் குறைவான உயரமுள்ள குழந்தையுடன் சென்று வந்தவர்கள், ஒரு முழு நாளுக்குப் போதுமான விளையாட்டுகள் அக்குழந்தைக்கு இவ்விரண்டில் எங்கே கிடைத்தன என்று சொல்ல முடியுமா?