21 அடி பாய்ப்படகு: ஒயரிங் மாற்றி சோலார் போட யோசனை வேண்டும்

காரைக்குடியிலிருந்து:
படகு ஃபைபர், நிற்பது தொண்டியில். அவுட்போர்டு கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வது. உள்ளே ஓடுவதெல்லாம் வீட்டு ஒயர், இணைப்புகளில் டேப் சுற்றியிருக்கிறது. பாய்மர உச்சி விளக்கு மங்குகிறது, அடித்தட்டில் சேரும் தண்ணீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் திணறுகிறது. மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு 12 வோல்ட்டில் புதிதாகச் செய்ய எண்ணம். 100 வாட் பேனல் போதுமா? பேட்டரி, ஒயர் என்ன அளவு?

தேவகோட்டை எலக்ட்ரீஷியன்:
அண்ணே, முதலில் ஒரு நாள் மின்செலவைக் கூட்டிப் பாருங்கள். உச்சி விளக்கு 3 வாட், 10 மணி நேரம்: 30. ஜிபிஎஸ் 10 வாட், 8 மணி: 80. விஎச்எஃப் ரேடியோவில் கேட்பதற்கு 40, பேசுவதற்கு 15. பம்ப் 15, போன் சார்ஜ் 30. ஆக நாளுக்கு 210 வாட் ஹவர். படுக்கையாக வைத்த 100 வாட் பேனல் சூடு, பாய் நிழல் எல்லாம் கழித்து 300 கொடுத்தால் நல்லது. வெயில் காலத்துக்குப் போதும். வாடைக்காலத்து மேகமூட்டத்துக்குத்தான் பேட்டரியில் இருப்பு வேண்டும்.

12.8 வோல்ட் 50 ஏஎச் (ஆம்பியர் ஹவர்) லித்தியம் பாஸ்பேட் பேட்டரி வாங்குங்கள், இரண்டு நாளுக்கு மேல் தாங்கும். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரி வேண்டாம். உயரமும் கனமும் அதிகம், படகு சாய்ந்தால் ஆசிட் வழியும்.

பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே சார்ஜைக் கட்டுப்படுத்தும் எம்பிபிடி கண்ட்ரோலரில் முதலில் பேட்டரியை மாட்டி, பிறகு பேனல். கழற்றும்போது பேனல்தான் முதலில். மாற்றிச் செய்தால் கண்ட்ரோலர் போய்விடும் வாய்ப்பு உண்டு. சார்ஜ் 14.2 வோல்ட், ஈக்வலைஸ் (ஆசிட் பேட்டரிக்கான கூடுதல் வோல்ட் சார்ஜ்) ஆஃப்.

தொண்டி படகு ஒயரிங்:
ஒயர் பற்றி நான் சொல்கிறேன். வெள்ளீயம் பூசிய பல இழைத் தாமிரம் மட்டுமே வாங்குங்கள். பூசாத கம்பியில் உப்பு ஈரம் நுனி வழியே ஏறி, உறைக்குள்ளே ஒரு முழத்துக்கு மேல் கறுத்துவிடும். நுனியை வெட்டிப் புதிதாக மாட்டினாலும் பயனில்லை. உங்கள் விளக்கு மங்குவது அநேகமாக இதனால்தான். மின்வேதியியல் ஆய்வு நிலையமான சிக்ரி இருக்கும் ஊர்க்காரருக்கு அரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

பம்புக்கு 2.5 ஸ்கொயர் எம்எம். 5 மீட்டர் தூரத்தில் 3 ஆம்பியர் ஓடினால் போக வர 0.2 வோல்ட்தான் இறங்கும். 1 ஸ்கொயரில் அரை வோல்ட் போய்விடும். விளக்குக்கு 1.5 தாராளம்.

நுனியில் ஈயம் உருக்கிப் பற்றவைக்காதீர்கள். ஈயம் ஏறிய இடம் விறைத்து, அலை அடிக்க அடிக்க அதன் விளிம்பில் இழைகள் முறியும். லக் (உலோக முனை) வைத்து கிரிம்ப் செய்து (இடுக்கியால் நெரித்து), உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் ஏற்றுங்கள். புளிச்ச வாடை வரும் சிலிகான் இணைப்புப் பக்கமே வரக்கூடாது, தாமிரத்தைத் தின்னும்.

மெயின் ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள். பம்புக்குத் தனி ஃபியூஸ் வைத்து, மெயின் சுவிட்சுக்கு முன்பே எடுங்கள். ஆளில்லாத நேரத்தில் மழை கொட்டினாலும் மிதவை சுவிட்ச் வேலை செய்யும்.

காரைக்குடியிலிருந்து:
நன்றி. பாய்மரத்தை இப்போது சாய்த்துத்தான் வைத்திருக்கிறேன். மேலே சிவப்பு, பச்சை, வெள்ளை மூன்றும் சேர்ந்த மூவண்ண விளக்கு ஒன்றே போதுமா?

தொண்டி படகு ஒயரிங்:
போதாது தம்பி. அது பாயில் ஓடும்போது மட்டும். மோட்டார் போட்டால் அதை அணைத்து, உச்சியில் சுற்றிலும் தெரியும் வெள்ளை, கீழே சிவப்பு பச்சை எரிய வேண்டும். இப்போதே மூன்று கம்பி இழுத்துவிடுங்கள்: பொது மைனஸ் ஒன்று, பிளஸ் இரண்டு. அரை மீட்டருக்கு ஓரிடத்தில் மூன்று கேபிள் டையை மூன்று திசையில் நீட்டிக்கொண்டிருக்கும்படி கட்டி உள்ளே விட்டால் கம்பி மரத்தில் அடித்துச் சத்தம் போடாது.